‘ன்னு’வுக்கு முன்னாலும் பின்னாலும்

ஜூலை 6, சனி

பள்ளிக்கூட உத்தரவு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரும் அவரவர் வீட்டில் ஒரு பெரியவரும் ஆறு சனிக்கிழமை காலை வகுப்புக்கு வர வேண்டுமாம். பெரியவர்களும் ஒரு நோட்டுப் போட்டு எழுத வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்று சொன்னதால் எழுதுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். மூட்டை மேல் அடையாளம் போடுவதைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை.

பெயர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்து நான்கு. மனைவி மரகதம் போய் அஞ்சு மாதம் ஆகிறது. நெஞ்சு அடைத்துப் போய்விட்டாள். அன்றைக்கு நான் ஏலத்தில் இருந்தேன். தகவல் வந்ததும் ஓடி வந்தேன். அவ்வளவுதான்.

ஒரே மகள் மிதுனா. நன்றாகப் படித்த பிள்ளை. ஜூன் மாதப் பரீட்சையில் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதனால்தான் இந்த வகுப்பு. என்னோடு அவள் பேசுவது ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான். ‘ம்’ என்பதைச் சேர்த்தால் பத்து.

வகுப்பு எடுப்பது ஜெசிந்தா மிஸ். சின்ன வயசு. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று வகுப்பில் நடந்ததை எழுதச் சொன்னார்கள்.

மனசில் வருவதை எண்ணம், உணர்ச்சி என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் குடோனில் தினமும் நடக்கிற வேலை இது. நீளமாக இருப்பது விரலி, உருண்டையாக இருப்பது கிழங்கு. ராக்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டே பிரிப்பாள். இதற்கு ஆறு சனிக்கிழமையா?

“இப்ப உங்களுக்கு என்ன தோணுதுன்னு ஒரு வரி எழுதுங்க” என்றார் மிஸ். நான் எழுதியது: ‘என் மகள் என்னை வெறுக்கிறாள் என்று உணர்கிறேன்.’

மிஸ் வந்து பார்த்தார். “இதுல உணர்ச்சி எங்க சார் இருக்கு?”

“அதான் உணர்கிறேன்னு போட்டிருக்கேனுங்களே.”

“நீங்க மஞ்சள் வியாபாரம்னு மிதுனா எழுதியிருக்கா. கிழங்கு மூட்டை மேல விரலின்னு எழுதிட்டா விரலி ஆயிடுமா?”

லாரி ஆபீஸ்காரர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். பிறகு, “மிஸ், எனக்குப் பசிக்குதுங்க. அது எண்ணமுங்களா, உணர்ச்சிங்களா?” என்று கேட்டார்.

“அது வயிறு சார்.”

பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. மிதுனா சிரிக்கவில்லை.

மிஸ் ஒரு வழி சொன்னார். அது பிடித்திருந்தது. “பேசும்போது ‘ன்னு’ எங்க வருதுன்னு பாருங்க. ‘அவ என்னை வெறுக்கறான்னு வருத்தமா இருக்கு.’ ‘ன்னு’வுக்கு முன்னாடி இருக்கறது எண்ணம். அதை விசாரிக்கலாம், சாட்சி கேக்கலாம், தப்பாக்கூட இருக்கலாம். ‘ன்னு’வுக்குப் பின்னாடி நிக்குதே, வருத்தமா இருக்குன்னு, அதுதான் உணர்ச்சி. அதை விசாரிக்க முடியாது. இருக்குன்னா இருக்கு.”

அப்புறம் பிள்ளைகளை உணர்ச்சியை மட்டும் எழுதச் சொன்னார். இருபது பிள்ளைகளில் பதினேழு பேர் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: ஒரு மாதிரியா இருக்கு. மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? இனிமே இந்த வகுப்புல அந்த வார்த்தைக்கே தடை.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “எங்க மார்க்கெட்டுல மாதிரின்னா மூட்டையில இருந்து அள்ளி வெக்கற சாம்பிளுங்க மிஸ். மாதிரியப் பாத்துத்தான் மூட்டையவே எடுப்போம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். லாரி ஆபீஸ்காரர் என் முதுகில் தட்டினார்.

நான் எழுந்தேன். வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெயில்.

ஜூலை 9, செவ்வாய்

கேஸ் வந்தது. குக்கர் ரப்பர் போய்விட்டது. சோறு குழைந்தது. மிதுனா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். மரகதமாக இருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பாள்.

ஜூலை 11, வியாழன்

ராக்கம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “ஏனுங் மொதலாளி, இந்த வயசுல சிலேட்டத் தூக்கிக்கிட்டு இஸ்கூலுக்குப் போறீங்களாமா? பெஞ்சு மேல நிக்க வெச்சாங்களா?” என்று கேட்டு, பிரிக்கிற பெண்கள் அத்தனை பேரையும் சிரிக்க வைத்தாள். நான் ‘ன்னு’ கணக்கைச் சொன்னேன். கையில் இருந்த கிழங்கைப் போட்டுவிட்டு யோசித்தாள்.

“அப்ப எம்புருசன் என்னை ஏமாத்தறான்னு கோவமா இருக்குதுன்னா?”

“ஏமாத்தறான்ங்கறது எண்ணம். கோவம்தான் உணர்ச்சி.”

“அதுக்குச் சாச்சி வேணுமாக்கும்? எங்க வளவுல வந்து வீடு வீடாக் கேளுங், பத்துப் பேரு சொல்லுவாங்க.”

வியாழக்கிழமை ஏலம் இருக்கும். இப்போதெல்லாம் வியாழனில் வேறு ஆளை அனுப்புகிறேன். வெயில் ஒத்துக்கொள்வதில்லை.

ஜூலை 13, சனி

இன்று வகுப்பில் அவரவர் வீட்டில் சமீபத்தில் மாறிய ஒரு விஷயத்தை எழுதச் சொன்னார்கள். காரணம் எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். நான் எழுதியது:

மிதுனா அறைக் கதவைச் சாத்துவதில்லை. படிக்கும்போது, தூங்கும்போது, துணி மாற்றும்போதுகூட. துணி மாற்ற அறைக்குள்ளேயே ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருக்கிறாள். அறைத் தாழ்ப்பாளின் திருகாணியைக் கழற்றிப் பங்குனி மாதமே எடுத்துவிட்டாள். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கிற கருவியைக் குப்பையில் போட்டுவிட்டாள். காற்று வரட்டும் என்று கதவைத் திறந்து வைத்திருப்பாள் என நினைத்தேன்.

மிஸ் கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘இது எண்ணம். சாட்சி?’ என்று எழுதினார்.

ஜூலை 20, சனி

வகுப்புக்குப் போனோம். ஒரு தாளில் டிக் போட்டுக் கொடுத்தேன். மத்தியானம் குடோனில் மஞ்சள் பாலிஷ் மெஷினுக்கு பெல்ட் மாற்ற ஆள் வந்தான்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று எழுதியது போதாது.

மூன்று கட்டம் போட்ட தாள். எண்ணம், உணர்ச்சி, சாட்சி. பிள்ளைகள் தங்களை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிற ஒரு எண்ணத்தை எழுத வேண்டும். சாட்சிக் கட்டத்தைப் பக்கத்தில் இருக்கிற பெரியவர் பார்த்து, சரி என்றால் டிக், தவறு என்றால் பெருக்கல் குறி போட வேண்டும். பாதிப் பேருக்குச் சாட்சி தப்பாகத்தான் இருக்கும், எண்ணம் அங்கேயே உடைந்துவிடும் என்றார் மிஸ். அப்படித்தான் நடந்தது. லாரி ஆபீஸ்காரர் மகன், ‘நான் பிறந்ததுல அப்பாவுக்கு இஷ்டமில்லைன்னு’ என்று எழுதியிருந்தான். சாட்சி, குழந்தையில் எடுத்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. அந்த மனுஷன், “அட கூறு கெட்டவனே, போட்டோ பொட்டி வெள்ளத்துல போச்சுடா!” என்று கத்திப் பெரிய பெருக்கல் குறி போட்டார். பையன் அழுதான். அவரும் அழுதார்.

மிதுனா தாளை என் பக்கம் நகர்த்தினாள். அவள் கையெழுத்து அப்படியே மரகதம் கையெழுத்து.

எண்ணம்: அன்னைக்கு எனக்கு ஸ்டடி லீவு. அம்மா என் கதவைத் தட்டினாங்க. ‘நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட், தொந்தரவு பண்ணாதம்மா’ன்னு சொல்லிட்டு காதுல பாட்டு போட்டுட்டேன். ஒரே தடவைதான் தட்டினாங்க. அவங்க உதவிக்குக் கூப்பிட்டது என்னை மட்டும்தான். நான் கதவைத் திறந்திருந்தா அம்மா இருந்திருப்பாங்கன்னு.

உணர்ச்சி: (இந்தக் கட்டத்தில் எழுதி எழுதி அடித்திருந்தாள். தாள் கிழிந்திருந்தது.)

சாட்சி: அம்மா அப்பாவுக்குக்கூட போன் பண்ணலை. அப்பாகிட்ட கேட்டேன். இல்லைன்னு சொன்னார்.

மிஸ் வந்து நின்றார். “சாட்சி சரியா சார்?”

மிதுனா என் முகத்தைப் பார்த்தாள். அஞ்சு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். நான் பெருக்கல் குறி போட மாட்டேனா என்று அந்தப் பார்வை கேட்டது. மூட்டைக்கு அடையாளம் போடுகிற சிவப்புப் பேனா சட்டைப் பையில் இருந்தது. எடுத்து டிக் போட்டேன்.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 22, திங்கள்

மெஷின் ஓடுகிறது. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 24, புதன்

சீருடை இஸ்திரி போட்டேன். ஒரு பாவாடை கருகிவிட்டது. “பரவால்லப்பா” என்றாள். இன்றைக்கு மொத்தம் அந்த ஒரு வார்த்தைதான்.

இப்படியே விட்டுவிடலாம் என்றும் நினைக்கிறேன். பிள்ளைகள் மறந்துவிடும். பத்தாவது முடித்தால் வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். இதை எல்லாம் ‘என்று நினைக்கிறேன்’ என்றுதான் முடிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

முதல் நாள் இந்த நோட்டில் ஏலத்தில் இருந்தேன், தகவல் வந்ததும் ஓடி வந்தேன் என்று எழுதினேன். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் போன் வந்தது.

பழைய போன் குடோன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பேட்டரி உப்பிவிட்டது, அதனால் புதுசு வாங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். உப்பவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை, கையில் வைத்திருக்கவும் முடியவில்லை.

சடங்கெல்லாம் முடிந்த அன்று மிதுனா கேட்டாள், “அம்மா உங்களுக்குக் கூப்பிட்டாங்களாப்பா?” சுற்றிலும் சொந்தக்காரர்கள். மரகதத்தின் தங்கச்சி வசந்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் “இல்ல கண்ணு” என்றேன். அவ்வளவு பேர் முன்னால் கேவலப்படக் கூடாது என்று சொன்ன ஒரு வார்த்தை. அந்த ‘இல்ல’யை அந்தப் பிள்ளை எடுத்துக்கொண்டு போய்த் தன் கதவின் மேல் மாட்டிக்கொண்டுவிட்டது.

அவள் இப்படி நினைப்பது எனக்குத் தெரியாது என்று எழுத வந்தேன். தாழ்ப்பாளைக் கழற்றிய அன்றே தெரிந்திருக்க வேண்டும். சாக்கைக் குத்தி ஒரு பிடி எடுத்தாலே மூட்டைக்குள் இருப்பதைச் சொல்கிறவன் நான்.

ஜூலை 27, சனி

வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தா மிஸ்ஸிடம் தனியாகப் பேசினேன். முழுசாகச் சொல்லவில்லை. “ஒருத்தர் தப்பான சாட்சிக்கு டிக் போட்டுட்டாருன்னா என்னங்க பண்றது?”

“அவரேதான் சார் மாத்தணும்.”

“மாத்துனா அந்தப் பொண்ணு அவரை விட்டுப் போயிரும்னு...”

“‘ன்னு’ வந்துடுச்சு சார்.”

“...பயமா இருக்குதுங்க.”

இந்த வகுப்பில் நான் பிழையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் இதுதான் என்றார்.

ஜூலை 31, புதன்

பழைய போனுக்கு சார்ஜ் போட்டேன். உயிர் வந்தது.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

வகுப்பு இல்லை. குடோனுக்கும் லீவு. பெண்களெல்லாம் காவிரிக்குப் போய்விட்டார்கள். மரகதம் வருஷா வருஷம் என் குடோனில் இருந்துதான் மஞ்சள் பொறுக்கிக்கொண்டு போவாள். நல்ல விரலியாகப் பார்த்து எடுப்பாள், வியாபாரி பெண்டாட்டிக்குச் சொத்தை மஞ்சளா என்பாள்.

காலை பத்து மணிக்கு மிதுனாவைக் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காமல் வந்தாள். சாக்கு மேல் உட்கார்ந்தாள். போனை அவள் கையில் கொடுத்தேன்.

“இது பழைய போனு. பேட்டரி உப்பிருச்சுன்னீங்க.”

“உப்பல சாமி. பிப்ரவரி பதினஞ்சு எடுத்துப் பாரு.”

பார்த்தாள். பேரேடு வாசிக்கிற மாதிரி நிதானமாக வாசித்தாள். “பதினொண்ணு எட்டு. பதினொண்ணு பத்து. பதினொண்ணு பதினேழு.” அப்புறம் நிமிர்ந்தாள். “மூணு தடவை.”

“ஆமா.”

“நீங்க இல்லைன்னீங்க.”

“ஆமா கண்ணு.”

“போன வாரத்துக்கு முந்தின வாரம் டிக் போட்டீங்க.”

அதற்கும் ஆமா என்றேன்.

“முதல் ரெண்டும் கட் பண்ணியிருக்கீங்க. மூணாவது எடுத்திருக்கீங்க. ஒண்ணரை நிமிஷம்.” அவள் குரல் ஏறவே இல்லை. “அம்மா என்ன சொன்னாங்க?”

இதை யாரிடமும் சொன்னதில்லை. ஏலக்கூடத்தில் அன்று புது மஞ்சள். மேசை மேசையாக மாதிரி வைத்திருந்தார்கள். நான் கையில் ஒரு விரலியை ஒடித்துப் பார்த்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கியிருந்தேன்.

“‘என்னுங்க, நெஞ்செல்லாம் ஒரு மாதிரியா இருக்குதுங்க. பயமா இருக்குது. வர்றீங்களா’ன்னா.”

“நீங்க?”

“‘நானும் இங்க மாதிரிதான் பாத்துட்டு இருக்கறேன்’னேன்.” சொல்லும்போதே என் வாய் கோணியது. “பக்கத்துல இருந்தவன் சிரிச்சான். அப்பறம், வாயுன்னு நெனைக்கறேன், ஓம வாட்டர் குடிச்சுட்டுப் படு, ஏலம் முடிஞ்சதும் வந்தர்றேன்னேன்.”

மிதுனா காத்திருந்தாள். இன்னும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒண்ணரை நிமிஷத்துக்கு நான் சொன்னது போதாது.

“‘பாப்பாவக் கூப்புடட்டா’ன்னு கேட்டா. ‘அவ பரிச்சைக்குப் படிக்கறா, சும்மா தொந்தரவு பண்ணாத’ன்னு சொன்னேன்.”

அவள் கையில் இருந்த போனின் திரை அணைந்தது. மறுபடி அழுத்தி வெளிச்சமாக்கினாள். மறுபடி அணைந்தது.

“அதனாலதான் ஒரே தடவை தட்டினாங்க.”

“ஆமா சாமி.”

“நான் அஞ்சு மாசமா எண்ணிட்டு இருக்கேம்பா. ரெண்டாவது தடவை ஏன் தட்டல, ஏன் தட்டலன்னு. நான் கத்துனதாலன்னு நெனச்சேன்.” அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே பக்கத்துல உக்காந்து டிக் போட்டிருக்கீங்க.”

கையை நீட்டினேன். விலகிக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை. பஸ்ஸில் தெரியாத ஆளுக்கு இடம் விட்டு நகர்வதுபோல.

“சின்னம்மா வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

வசந்தா இருக்கிற கோபிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஆற்றுக்குப் போகிற பெண்கள் பஸ் முழுக்க, மடியில் பூவும் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும். அவள் மட்டும் மடியில் என் போனை வைத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மரகதம் அன்று சொன்னதை இன்று பிரித்துப் பார்த்தேன். ‘பயமா இருக்குது.’ அதில் ‘ன்னு’ இல்லை. சுத்தமான உணர்ச்சி. விசாரிக்கக் கூடாதது. அதற்கு நான் கொடுத்த பதில், ‘வாயுன்னு நெனைக்கறேன்.’

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வசந்தா போன் செய்தாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். “பாப்பா நேத்து கதவைச் சாத்திட்டுத் தூங்குனா மாமா. உள்தாழ் போட்டுட்டுத் தூங்குனா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஏலத்துக்குப் போனேன். அஞ்சு மாதத்துக்குப் பிறகு. மாதிரி மேசை முன்னால் நின்றேன். பதினொண்ணு எட்டு ஆயிற்று. பத்து ஆயிற்று. பதினேழு ஆயிற்று. புதுப் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒருவன், “என்னுங் நாச்சிமுத்தண்ணா, மஞ்சளப் பாக்காம மணியப் பாத்துட்டு இருக்கறீங்?” என்றான். ஒரு மூட்டையும் எடுக்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

கடைசி வகுப்பு. தனியாகப் போனேன். பக்கத்து நாற்காலி காலி. லாரி ஆபீஸ்காரர் “பாப்பா வரலீங்களா?” என்றார். கோபியில் இருக்கிறாள், டி.சி. கேட்டிருக்கிறாள் என்றேன். மிஸ் என்னை எதையும் எழுதச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மிதுனாவின் புத்தகங்கள், சீருடை, மூக்குக் கண்ணாடி உறை எல்லாவற்றையும் இரண்டு பையில் கட்டிக்கொண்டு கோபிக்குப் போனேன். கருகின பாவாடைக்குப் பதில் புதுசு தைக்கக் கொடுத்து வாங்கியிருந்தேன். அதையும் வைத்தேன்.

வசந்தா காபி கொடுத்தாள். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் போய் முன்னால் நின்றேன். ஒரு தடவை தட்டினேன். இரண்டாவது தடவைக்குக் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டேன்.

திண்டாடிக்கொண்டு நின்றபோது கதவுக்கு அடியில் ஒரு தாள் வந்தது. மூன்று கட்டம் போட்ட தாள். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சிறுவலூர் தாண்டும்வரை பிரிக்கவில்லை.

எண்ணம்: அப்பாவாலதான் அம்மா செத்துப்போனாங்கன்னு.

சாட்சி: முழுசா இல்லை. அப்பாவுக்கும் வாயுன்னுதான் தோணியிருக்கு. எனக்கும் சும்மா கூப்பிடறாங்கன்னுதான் தோணுச்சு.

அந்த எண்ணத்தின் மேல் அவளே ஒரு கோடு இழுத்து அடித்திருந்தாள். கீழே உணர்ச்சிக் கட்டம். அதில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

உணர்ச்சி: கோபமா இருக்கு. ரொம்ப. உங்களைப் பார்க்கப் பிடிக்கலை. அம்மா வேணும்.

பஸ்ஸில் மூன்று தடவை படித்தேன். எங்காவது ஒரு ‘ன்னு’ இருக்காதா, அதைப் பிடித்துக்கொண்டு பேசிப் பார்க்கலாமே என்று தேடினேன். முப்பத்திரண்டு வருஷம் பேரம் பேசியே பிழைத்தவன் அல்லவா.

இல்லை. பிள்ளை சரியாகப் பிரித்திருக்கிறாள். ஒன்றைக்கூட மாற்றிப் போடவில்லை.

சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுத்து டிக் போட்டேன்.